பழைய மாருதி 800: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பது

என்னிடம் இருப்பது 1996-ம் வருட மாருதி 800. கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி. தாம்பரத்தில் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், மதியம் ஒரு மணிக்கு, ஜி.எஸ்.டி. ரோட்டில் திடீரென்று நின்றுபோனது. கட்டி இழுத்துக்கொண்டு போய் விட்ட ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோல் பம்ப், காயில் (ஸ்பார்க்குக்கு வோல்ட்டை ஏற்றிக் கொடுப்பது), பிளக் வயர் என்று மூன்றையும் மாற்றிக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் அதே வெயிலில், அதே மாதிரி நின்றது. கடைசியில் பழுது எங்கே இருந்தது தெரியுமா? டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் ஹோஸில், கிளிப்புக்கு அடியில், நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. பம்ப் பெட்ரோலை இழுக்கும்போது அதன் வழியாகக் காற்றையும் சேர்த்து இழுத்திருக்கிறது. ஒரு முழம் ரப்பர் ஹோஸோடு பிரச்சினை தீர்ந்தது.

அன்றிலிருந்து இந்த வண்டியை நானேதான் பார்த்துக்கொள்கிறேன். இந்த வயது வண்டியில் பெரும்பாலான பழுது இரும்பில் இருப்பதில்லை, ரப்பரிலும் எர்த்திலும்தான் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி) இருக்கிறது. ரப்பர் இறுகி வெடிக்கிறது. எர்த் பிடிக்கும் இடங்களில் துரு ஏறுகிறது. இந்த இரண்டையும் பார்க்காமல் புதுப் பொருள் வாங்கி மாட்டிக்கொண்டே போனால் காசு தீரும், பழுது தீராது. அதனால் கீழே எழுதியிருப்பதெல்லாம் "முதலில் அளந்து பார், பிறகு வாங்கு" என்ற வரிசையில்தான் இருக்கும்.

இது கார்புரேட்டர் வண்டிக்கான குறிப்பு. 796 சி.சி., 3 சிலிண்டர் எஞ்சின். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. 2000-ஐ ஒட்டி, கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டரால் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வந்துவிட்டது, அந்த வண்டிக்காரர்கள் பெட்ரோல், ஸ்பார்க் பற்றிய பகுதிகளை விட்டுவிட்டு மற்றதைப் படிக்கலாம். ஆம்னியும் இதே 796 சி.சி. குடும்பம் என்பதால் எஞ்சின் சாமான்களுக்கு இன்னும் பஞ்சமில்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு ஜி.பி. ரோட்டில் புதியது கிடைக்கும், புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும். ரப்பர் சாமான்களை மட்டும் புதுப்பேட்டையில் வாங்காதீர்கள். இன்னொரு வண்டியில் இருபது வருடம் வெந்த ரப்பரை வாங்கி என்ன பயன்?

கையில் வேண்டியவை: 8, 10, 12, 14, 17 ஸ்பேனர்கள், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), டார்ச், ஒரு சாதாரண மல்டிமீட்டர். வண்டிக்கு அடியில் போவதாக இருந்தால் ஒரு ஜோடி ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது, பாரம் தாங்கும்போது சொல்லாமல் உடையும்.

பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் மூன்று கேள்விக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும்போது வருகிறதா, காலையில் முதல் ஸ்டார்ட்டில் வருகிறதா? ஓடும்போதா, நிற்கும்போதா? திடீரென்று வந்ததா, கொஞ்சம் கொஞ்சமாக வந்ததா? இந்த மூன்றும் தெரிந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும்

உடனே பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டரைப் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம். அடுத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) எடுக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. விழாமல் 12-லேயே நிற்கிறது, செல்ஃபும் எடுக்கவில்லை என்றால் கரண்ட் வழியில் எங்கோ அடைபட்டிருக்கிறது.

அடைபடும் முதல் இடம் டெர்மினல். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். வெந்நீரில் சமையல் சோடா கலந்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு போகும். நீர் பேட்டரிக்குள் போய்விடாமல் மூடிகள் இறுகியிருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உலர்த்தி, உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வேசலின் தடவுங்கள். வேசலின் தடவிவிட்டு மாட்டுவது தவறு.

இரண்டாவது இடம்தான் முக்கியம், பலரும் விட்டுவிடுவதும் அதைத்தான். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் கரண்டைக் கடத்தாது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பாடியோடும் பேட்டரி நெகட்டிவோடும் சேர்ப்பது எர்த் வயர்தான். முப்பது வருடத்தில் அதன் லக்குக்கு (போல்ட்டில் மாட்டும் வளையம்) அடியில் துரு ஏறியிருக்கும், உள்ளே செம்பு இழைகள் பச்சையாகி உதிர்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வயர் நன்றாகவே தெரியும். மீட்டரின் ஒரு முனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத இடத்தில் வைத்து, மற்றதைப் பேட்டரி நெகட்டிவ் முனையில் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். எர்த் நன்றாக இருந்தால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போய்விட்டது. என் வண்டியில் 1.8 காட்டியது! மீட்டர் இல்லாதவர்கள் ஜம்ப் கேபிள் ஒன்றை நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சினில் கவ்வ வைத்து அடித்துப் பாருங்கள். துள்ளி எடுத்தால் வேறு சோதனை வேண்டாம். புது எர்த் வயர் போட்டுவிட்டு லக் உட்காரும் இடத்தைப் பளபளவென்று தேய்த்துவிடுங்கள்.

இதெல்லாம் சரி, ஆனால் சில நேரம் எடுக்கிறது, சில நேரம் சத்தமே இல்லை என்றால் இக்னிஷன் சுவிட்சின் உள் காண்டாக்ட் தேய்ந்திருக்கலாம். செல்ஃப் மோட்டாருக்குப் போகும் மெல்லிய வயரில் சாவி திருப்பும்போது எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள். பேட்டரியைவிட ஓரிரண்டு வோல்ட் குறைந்தால் நடுவில் ஒரு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) போட்டுவிடலாம். மோட்டாரைக் கழற்ற வேண்டிய தேவை வராது.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் மீட்டர் 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் காட்ட வேண்டும். காட்டவில்லையா, ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள்.

செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

ஸ்பார்க், பெட்ரோல் இரண்டில் ஒன்று இல்லை. கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒரு சிறிய கண்ணாடி இருக்கும், பெட்ரோல் மட்டம் அதன் நடுவில் தெரிய வேண்டும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கண்ணாடி மங்கியிருந்தால் துடைத்துவிட்டு டார்ச் அடியுங்கள். பெட்ரோல் தெரிகிறது என்றால் ஸ்பார்க் பக்கம் போங்கள். தெரியவில்லை என்றால் அடுத்த பகுதியில் பெட்ரோல் பக்கம் பற்றி எழுதியிருப்பதைப் பாருங்கள்.

ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரோடு சேர்த்து, ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிடித்து எஞ்சின் உடம்பில் தொட வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. நீல நிறத்தில் 'சட் சட்' என்று அடித்தால் நல்லது. மஞ்சளாக, மெலிந்து வந்தாலோ வரவே இல்லையென்றாலோ டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை மூன்று பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது) கேப்பைத் திறந்து பாருங்கள். உள்ளே பென்சிலால் கீறியது போல ஒரு கருப்புக் கோடு ஓடுகிறதா பாருங்கள். அது அழுக்கு இல்லை, கேப்பில் விழுந்த விரிசல். அந்த வழியாகக் கரண்ட் கசியும். மழைக்காலத்தில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் முதல் சந்தேகம் இதுதான். உலர்ந்த துணியால் துடைத்தால் அப்போதைக்கு ஓடும், ஆனால் கேப்பை மாற்றத்தான் வேண்டும்.

பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி ஸ்பார்க்கைக் கிளப்பும் காண்டாக்ட்) உள்ள பழைய வண்டியானால் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ. வரை. ஃபீலர் கேஜை நுழைத்தால் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். பாயிண்ட் முனை கருகி, ஒரு பக்கம் குழியும் மறு பக்கம் மேடுமாக இருந்தால் பாயிண்ட்டோடு கண்டென்சரையும் மாற்றுங்கள். பாயிண்ட்டை மட்டும் மாற்றினால் அதுவும் சீக்கிரம் கருகிவிடும்.

இன்னொன்று. ஓடிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று நின்று, அதன் பிறகு செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றினால் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டை ஓட்டும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டே ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே எதுவும் அசையவில்லை என்றால் பெல்ட் போய்விட்டது. மேற்கொண்டு அடிக்காதீர்கள்.

வெயிலில் ஓடி நின்றுவிடுகிறது, இருபது நிமிடம் கழித்து எடுக்கிறது

பழைய 800 வைத்திருப்பவர்களிடம் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். இதில் பணத்தை இழந்தவனும் நான்தான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். சூடேறினால் செயலிழக்கும் காயில் அல்லது இக்னிஷன் மாட்யூல். இல்லையென்றால் பெட்ரோல் வந்து சேராதது. இரண்டிலும் வண்டி ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல ஓடும். ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது பழுது இருக்காது. ஆகவே சோதனை நின்ற இடத்திலேயே, நின்ற ஓரிரண்டு நிமிடத்துக்குள் நடக்க வேண்டும். ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து, கார்புரேட்டர் கண்ணாடியைப் பாருங்கள். காலியா, பெட்ரோல் பக்கம் பழுது. பெட்ரோல் நிற்கிறது, ஆனால் ஸ்பார்க் வரவில்லை என்றால் காயில் பக்கம். அன்று எனக்கு இது தெரிந்திருந்தால் ஒரு காயிலும் ஒரு பம்பும் மிச்சம்.

பெட்ரோல் பக்கம் என்று தெரிந்தால், இந்த வண்டியில் பம்ப் எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். சிலிண்டர் ஹெட்டில் மாட்டி, கேம் ஷாஃப்ட் அடித்து ஓட்டும் மெக்கானிக்கல் பம்ப். எஞ்சின் சூடு முழுவதும் அதற்கு ஏறும். அக்னி நட்சத்திர வெயிலில் சிக்னல் சிக்னலாக நின்று போகும்போது பம்புக்குள்ளும் ஹோஸுக்குள்ளும் பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியைத் தள்ள அந்தப் பம்ப்பால் முடியாது. பழைய டிரைவர்கள் பம்ப்பின் மேல் ஈரத்துணி போடுவார்களே, அது சரியான வைத்தியம்தான். துணி போட்டு இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டால் ஆவிதான் காரணம் என்று உறுதியாகிறது. ஆனால் அந்தத் துணி தற்காலிகம்தான். ஆவி கட்டுவதை மோசமாக்குவது பெரும்பாலும் இழுக்கும் பக்கத்து ஹோஸில் இருக்கும் காற்றுக் கசிவுதான்.

இழுக்கும் பக்கத்து ஹோஸ் வெடித்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கீழே ஈரம் தேடிப் பிரயோசனமில்லை. டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள ஒவ்வொரு ரப்பர் துண்டையும் விரலால் மடக்கிப் பாருங்கள். நல்ல ரப்பர் வளைந்து திரும்பும். கெட்டது மடக்கிய இடத்தில் மெல்லிய கோடுகளாக வாய் பிளக்கும். கிளிப்பைத் தளர்த்தி அதற்கு அடியில் இருக்கும் பகுதியையும் பாருங்கள், என் வண்டியில் வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருந்தது. டேங்க் பின்பக்கம் இருப்பதால் அந்தப் பக்கத்து ஹோஸை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஒன்று கெட்டிருந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், எல்லாம் ஒரே வயதுதானே.

கடையில் கேட்கும்போது எத்தனால் தாங்கும் பெட்ரோல் ஹோஸ் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டி வடிவமைக்கப்பட்ட காலத்தில் நம் ஊரில் அப்படி ஒரு பெட்ரோல் இல்லை. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து மென்மையாக்கும், பிறகு காய்ந்ததும் வெடிக்கவைக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மாதத்தில் இரண்டு நாள் மட்டும் ஓடும் வண்டியாக இருந்தால் அந்த ஈரம் டேங்குக்கு அடியில் சேர்ந்து துருவாகும். கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் பெட்ரோல் ஃபில்டர் போடுங்கள். அதற்குள் செம்மண் நிறத்தில் தூள் தெரிந்தால் டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யும் நாள் வந்துவிட்டது.

பம்ப்பைச் சோதிப்பது எளிது. காயில் வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் ஹோஸை ஒரு பாட்டிலில் விட்டு, செல்ஃப் அடியுங்கள். துடித்துத் துடித்துப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும், காற்றோட்டமான இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். அதோடு டிப்ஸ்டிக்கை (எஞ்சின் ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) இழுத்து முகர்ந்து பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்து பெட்ரோல் வாசனை அடித்தால் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்குகிறது. பம்ப்பையும் ஆயிலையும் மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

இன்னும் ஒரு சிறிய விஷயம்: டேங்க் மூடி. காற்றுத் துவாரம் அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் ஏற்பட்டு பெட்ரோல் வராது. நின்ற உடனே மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் அதுதான் காரணம்.

ஓடும்போது சரி, சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிறது

ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஸ்க்ரூவை உடனே திருப்பாதீர்கள். பழுது வேறெங்கோ இருக்க, ஸ்க்ரூவையும் கலைத்துவிட்டால் பிறகு எது எதனால் என்றே தெரியாது.

எஞ்சினை ஓட விடாமல் சாவியை மட்டும் ஆன், ஆஃப் செய்யுங்கள். கார்புரேட்டரில் சோலினாய்டு 'டிக்' என்று சத்தம் போட வேண்டும். ஐடிலிங்குக்குப் போகும் பெட்ரோலைத் திறந்துவிடுவது அதுதான். சத்தம் இல்லையென்றால் அதன் வயர் கழன்றிருக்கும், அல்லது கனெக்டர் பச்சை பிடித்திருக்கும். சத்தம் வருகிறது என்றால் ஐடில் ஜெட்டில் தூசி அடைத்திருக்கலாம். ஜெட்டைக் கம்பியால் குத்தக்கூடாது, துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் மறுபடியும் ரப்பர்தான். எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது கார்புரேட்டரின் அடிப்பகுதி, வேக்குவம் ஹோஸ்கள் ஒவ்வொன்றையும் காதுகொடுத்துக் கேளுங்கள், கசிவு இருந்தால் 'ஸ்ஸ்' என்று இழுக்கும் சத்தம் வரும். ஒவ்வொரு ஹோஸையும் விரலால் நசுக்கிப் பாருங்கள். எதை நசுக்கும்போது ஐடிலிங் சட்டென்று மாறுகிறதோ அந்த வழியில் கசிவு இருக்கிறது. எல்லாம் சரிசெய்த பிறகு ஸ்க்ரூவைத் தொடலாம்.

பிக்கப் இல்லை, மிஸ்ஸிங், மைலேஜ் குறைந்துவிட்டது

மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒன்று படுத்தால் வண்டியே குலுங்கும். எது படுத்தது என்று கண்டுபிடிக்க, எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதில் பழைய பிளக் ஒன்றை மாட்டி எஞ்சின் உடம்பில் எர்த் ஆகும்படி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். எந்த வயரைக் கழற்றியும் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ அந்த சிலிண்டர்தான் ஏற்கெனவே வேலை செய்யாமல் இருந்தது. அதன் பிளக்கையும் வயரையும் பக்கத்து சிலிண்டரோடு மாற்றிப் போடுங்கள். பழுது கூடவே போனால் பிளக் அல்லது வயர். அதே சிலிண்டரிலேயே நின்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்க்க வேண்டும்.

கழற்றிய மூன்று பிளக்குகளையும் வரிசையாகச் செய்தித்தாளில் அடுக்கிப் பாருங்கள். முனை காபிப் பொடி நிறத்தில் இருந்தால் நலம். கண்மை போல உலர்ந்த கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பசையான கருப்பு என்றால் ஆயில் எரிகிறது. வெளுத்துப்போயிருந்தால் காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலிலும் சற்று வெளுப்பது உண்டு.

நம் ஊர் வெயிலில் சோக் (குளிர்ந்த எஞ்சினை எடுக்கப் பெட்ரோல் பங்கைக் கூட்டும் தகடு) இழுக்கும் தேவை அபூர்வம். ஆனால் இழுத்த சோக் கேபிள் துருவால் பாதியில் நின்றுவிடுவது சகஜம். ஏர் ஃபில்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள். சோக் தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் கருப்புப் புகைக்கும் மைலேஜுக்கும் காரணம் கிடைத்துவிட்டது.

இதெல்லாம் நன்றாக இருந்தும் வண்டி இழுவையாக இருந்தால் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு வீலுக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள். ஒரு வீல் மட்டும் அனலடித்தால் அதில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள். எத்தனை அவசரமானாலும் திறக்காதீர்கள். முகம் வெந்துபோகும்.

நெரிசலில் மட்டும் ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன். ஓடும்போது ஏறினால் தண்ணீர் ஓட்டம், அதாவது ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (சூடானதும் தண்ணீருக்கு வழி திறக்கும் வால்வ்), வாட்டர் பம்ப். ஃபேன் சுற்றவில்லை என்றால் ஃபியூஸைப் பார்த்துவிட்டு, ஃபேன் சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி, சாவி ஆனில் இருக்க, இரண்டு வயர் இருந்தால் ஒன்றோடொன்று தொட வையுங்கள். ஒரே வயர் என்றால் எஞ்சின் உடம்பில் தொடுங்கள். ஃபேன் சுற்றினால் சுவிட்ச் கெட்டது. சுற்றவில்லை என்றால் மோட்டாரோ, மறுபடியும் எர்த்தோ. ஃபேன் இறகிலிருந்து கையை எட்டவே வைத்திருங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் வண்டி குளிர்ச்சியாக ஓடும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எஞ்சின் ஓடவேண்டிய சூட்டுக்கு வராமலே ஓடினால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கும், தேய்மானம் கூடும். சோதனை சமையலறையிலேயே முடிந்துவிடும். ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். சுமார் 82 டிகிரியில் வாய் திறக்கத் தொடங்கி, கொதி வருவதற்குள் நன்றாகத் திறந்துவிட வேண்டும். திறக்காதது குப்பைக்கு, புதியது அந்த இடத்துக்கு.

வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். எஞ்சின் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். துருவைத் தடுப்பது கூலன்ட்தான். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வாஷரையும் பாருங்கள். அது இறுகிப்போனால் பிரஷர் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகித்து வண்டியை நிறுத்திவிடுங்கள். அதை மெக்கானிக் கையில் கொடுப்பதுதான் சரி.

புகை

கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம், மேலே சொல்லிவிட்டேன். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு நீலக் குபீர் வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல். அதுவும் ரப்பர்தான். ஏற்றத்தில், ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங். காலையில் வரும் மெல்லிய வெள்ளை ஆவிக்குப் பயப்பட வேண்டாம். எஞ்சின் சூடான பிறகும் அடர்த்தியாக வெள்ளைப் புகை வந்து கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்.

பிரேக் பெடல் பஞ்சு போல இறங்குகிறது

முதலில் பிரேக் ஆயில் மட்டம். குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள், எங்கே போனது என்று தேடுங்கள். பின் டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் பூட்டைச் சற்று விலக்குங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அங்கேதான் கசிகிறது. ஷூவிலும் எண்ணெய் பட்டிருந்தால் இரண்டு பக்க ஷூவையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் சேர்ந்தபின் அது 140 வரை இறங்கிவிடலாம். ஏற்காடு மலையிலிருந்து இறங்கும்போது பெடல் காணாமல் போவதற்கு இது ஒரு காரணம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுவதும் மாற்றுங்கள். பெடலை மெல்ல மிதித்துப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அது தானாகக் கீழே இறங்கினால், வெளியே எங்கும் கசிவு இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டர். பிரேக் வேலையை முதல் முறை செய்கிறீர்கள் என்றால் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். முடித்ததும் தெருவுக்குள்ளேயே மெதுவாகப் பலமுறை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும்.

சத்தங்கள்

ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி நகரும்போது 'கட கட' என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்த அன்றே மாற்றியிருந்தால் ஜாயின்ட் பிழைத்திருக்கும். வேகத்தோடு கூடும் ஊளைச் சத்தம் என்றால் வீல் பேரிங். மேடு பள்ளத்தில் 'தட் தட்' என்றால் லோயர் ஆர்ம் புஷ். ஐடிலிங்கில் டாஷ்போர்டு முழுக்க நடுங்கினால் எஞ்சின் மவுண்டிங். கியர் விழக் கஷ்டமாக இருந்தால் கியர்பாக்ஸைப் பழிக்கும் முன் கிளட்ச் கேபிளின் தளர்வைப் பாருங்கள், பெடலில் சுமார் இரண்டு செ.மீ. இருக்க வேண்டும்.

ஹெட்லைட் மங்கல்

இந்த வண்டிக்கு நான் செய்த மாற்றங்களில் மிகவும் பயன்பட்டது இதுதான். 90, 100 வாட் பல்ப் போடச் சொல்வார்கள். வேண்டாம், பழைய வயரும் கனெக்டரும் உருகும். குறை பல்பில் இல்லை. 60/55 வாட் பல்ப் இரண்டும் ஹை பீமில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். அது முழுவதும் முப்பது வருடப் பழைய சுவிட்ச் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. எஞ்சின் ஓட, லைட் எரிய, பல்பின் கனெக்டரில் வோல்ட் பாருங்கள். பேட்டரியில் 13.5, பல்பில் 12 என்றால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே ஹாலஜன் வெளிச்சம் அதைவிட வேகமாக விழும்.

லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலே. பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒவ்வொன்றுக்கும் 15 ஆம்பியர் ஃபியூஸ், பல்புக்குத் தனியாக நல்ல எர்த். பழைய வயர் ரிலேயை இயக்க மட்டும் போதும். முடித்துவிட்டு நான் அளந்தபோது பல்பில் 13.2 வந்தது. இரவில் ஓட்டும்போது ரோட்டோரப் புளியமரத்தில் அடித்த வெள்ளைப் பட்டை முன்பைவிட வெகு தூரத்திலேயே தெரிந்தது.

கார்பெட் ஈரமாக இருக்கிறது

மழை பெய்த மறுநாள் முன் சீட்டுக்கு அடியில் மேட்டைத் தூக்கி, அதற்கும் கீழே இருக்கும் சணல் போன்ற பஞ்சைக் கையால் அழுத்திப் பாருங்கள். மேலே காய்ந்திருக்கும், கீழே பிழிந்தால் தண்ணீர் வரும். சென்னையின் கடற்காற்றில் அந்த ஈரம் தரைத் தகட்டைத் தின்றுவிடும். கதவின் அடிப்பக்கத்தில் இருக்கும் சிறிய வடிகால் துளைகளை ஒரு குச்சியால் சுத்தம் செய்யுங்கள். அவை அடைத்தால் கதவுக்குள் நிற்கும் தண்ணீர் உள்ளே வரும். கண்ணாடி ரப்பர், கதவு ரப்பர் இரண்டிலும் வெடிப்புத் தேடுங்கள். பேட்டரி தட்டின் அடியையும் பாருங்கள், ஆசிட் சொட்டி அங்கே முதலில் ஓட்டை விழும்.

தரைத் தகட்டை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு 'டங்' என்று ஒலிக்கும். துரு தின்ற இடம் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல மழுங்கிக் கேட்கும். அந்த இடத்தை முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைக்க வேண்டும். ஓட்டையின் மேல் ஃபைபர் ஒட்டித் தார் பூசி மறைப்பது பேட்ச் வேலை, எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) சோதனையிலும் நிற்காது. குத்து உள்ளே போகவில்லை என்றால் கம்பி பிரஷ்ஷால் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, துருத் தடுப்பு பிரைமர் இரண்டு கோட் அடியுங்கள். கார்பெட்டை முழுவதும் வெளியே எடுத்து மூன்று நாள் வெயிலில் காயப் போட்டு, பிரைமரும் நன்றாகக் காய்ந்த பிறகுதான் திரும்ப விரிக்க வேண்டும். தரையில் இருக்கும் ரப்பர் பிளக்குகளைக் கழற்றியிருந்தால், விளிம்பு வெடித்ததை மாற்றிவிட்டு, எண்ணி மாட்டுங்கள்.